நாற்பது நாள் கெடு, எழுபது ஆண்டுக் கணக்கு

எசேக்கியேல் தீர்க்கதரிசிக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. சொன்ன சொல்லுக்குத் தேதி போட்டு வைப்பார். யூதாவின் அரசன் யோயாக்கீன் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்ட கி.மு. 597-ஐத் தொடக்கமாக வைத்து, இத்தனையாம் வருஷம், இத்தனையாம் மாதம், இத்தனையாம் தேதி என்று அவர் நூல் நெடுகக் குறிப்புகள் கிடக்கின்றன. அந்தத் தேதிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறவர் ஓரிடத்தில் தடுக்கி நிற்பார்.

26-ஆம் அதிகாரம், பதினோராம் வருஷம். நம் கணக்கில் கி.மு. 587 அல்லது 586. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் தீரு நகரத்தின் மேல் வருவான், அவன் குதிரைகளின் குளம்புகள் அதன் வீதிகளையெல்லாம் மிதிக்கும், நகரம் வெறும் பாறையாகும், மறுபடி கட்டப்படாது என்கிறார் எசேக்கியேல். 29-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதிக்கு வாருங்கள். தேதி இருபத்தேழாம் வருஷம், முதல் மாதம், முதல் நாள். அதாவது கி.மு. 571. இப்போது அதே எசேக்கியேல் சொல்வது வேறு. தீருவுக்கு முன்னால் நேபுகாத்நேச்சாரின் படை படாத பாடு பட்டது, ஒவ்வொரு தலையும் மொட்டையாயிற்று, ஒவ்வொரு தோளும் தோலுரிந்து போயிற்று, ஆனால் பட்ட பாட்டுக்குக் கூலி கிடைக்கவில்லை. ஆகவே கூலியாக எகிப்தைக் கொடுக்கிறேன் என்கிறார் கர்த்தர்.

இடையில் என்ன நடந்தது என்பது ஓரளவு தெரிந்த கதை. தீரு அப்போது கரையிலிருந்து முக்கால் கிலோமீட்டர் போலத் தள்ளியிருந்த தீவு. கப்பல் வைத்திருக்கிறவனைத் தரைப்படையால் பட்டினி போட முடியாது. முற்றுகை பதின்மூன்று ஆண்டுகள் இழுத்தது என்று கி.பி. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் தீரு பாபிலோனுக்கு அடங்கிப்போனது. ஆனால் குதிரைகள் வீதியை மிதிக்கவில்லை, கொள்ளை என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. நகரத்தை உண்மையில் உடைத்தவர் அலெக்சாந்தர், கி.மு. 332-இல். கரையிலிருந்த பழைய நகரத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டித் தீவுக்கு வழி போட்டார். ஏழு மாதத்தில் காரியம் முடிந்தது. அதற்கப்புறமும் நகரம் எழுந்தது. இன்றைக்கும் லெபனானில் சூர் என்ற பெயரில் மக்கள் வாழும் ஊர் அது.

தேவாலயப் பிரசங்கங்களில் அலெக்சாந்தர் தவறாமல் வருவார். "உன் கற்களையும் மரங்களையும் மண்ணையும் தண்ணீரில் போடுவார்கள்" என்று 26-ஆம் அதிகாரத்தில் ஒரு வரி இருக்கிறது. அதுவரை "அவன்" என்று வந்த வினை அங்கே "அவர்கள்" என்று மாறுகிறது, ஆகவே அது கிரேக்கரைக் குறிக்கும் என்பார்கள். கெட்டிக்காரத்தனமான இணைப்புதான். ஆனால் எசேக்கியேலே அப்படிச் சொல்லவில்லையே! கி.மு. 571-இல் தன் பழைய சொல்லைத் திரும்பிப் பார்த்தபோது, பொறுங்கள், இன்னும் இரண்டரை நூற்றாண்டில் வேறொருவன் வருவான் என்று அவர் கணக்குக் காட்டவில்லை. கூலி கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டு சொல்லும் ஒரே நூலில் மூன்று அதிகார இடைவெளியில் இருக்கின்றன என்பதுதான். அதைத் தொகுத்தவர்கள் பழையதை அழித்திருக்கலாம், திருத்தியிருக்கலாம். எழுத்தாணி அவர்கள் கையில்தான் இருந்தது. செய்யவில்லை. கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று அழைக்கும் எபிரேய வேத நூல்களில் நியாயத்தீர்ப்புக்குக் குறிக்கப்பட்ட காலங்களை எப்படிப் படிப்பது என்று கேட்டால், நான் முதலில் இங்கேதான் கைகாட்டுவேன். அந்த நூல்களுக்குள்ளேயே பின்னால் வந்தவர்கள் முன்னால் சொல்லப்பட்டதை எப்படிப் படித்தார்கள்? விமர்சகர்களும் விசுவாசிகளும் ரயில் அட்டவணையை வைத்துக்கொண்டு வண்டி தாமதமா இல்லையா என்று சண்டை போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அது.

நம் மொழி இதில் நம்மைக் கொஞ்சம் வழி திருப்பிவிடுகிறது. தீர்க்கதரிசி என்றால் தொலைநோக்கு உடையவர், நெடுந்தூரம் பார்க்கிறவர். அந்தச் சொல்லைக் கேட்டதுமே எதிர்காலத்தைத் தொலைநோக்கியில் பார்க்கும் ஒருவர் மனதில் வந்துவிடுகிறார். எபிரேயத்தில் வழக்கமான சொல் நாவி. அழைக்கப்பட்டவர் என்பது அதன் அடிப்பொருளாக இருக்கலாம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. யாத்திராகமத்தில் மோசேக்குப் பதிலாகப் பேசும் ஆரோனை மோசேயின் நாவி என்று ஓரிடம் சொல்கிறது. பேச்சாளர், தூது சொல்கிறவர். திருவிவிலியத்தின் தமிழாக்கம் இறைவாக்கினர் என்று போட்டது அந்த வகையில் பொருத்தமானது. பார்க்கிறவர் என்ற பொருளில் எபிரேயத்திலும் பழைய சொற்கள் உண்டு, அவை ஓரமாக ஒதுங்கிவிட்டன. தூது சொல்கிறவருக்கு, கேட்கிறவர் என்ன செய்யப்போகிறார் என்பதுதான் கவலை.

தமிழிலேயே இதற்கு ஏற்ற சொல் ஒன்று இருக்கிறது: கெடு. ஜோசியர் குறிக்கும் நாளுக்கும் கடன்காரர் வைக்கும் கெடுவுக்கும் வித்தியாசம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜோசியர் சொன்ன நாளில் சொன்னது நடக்காவிட்டால் ஜோசியம் பொய். கடன்காரர் வைத்த கெடுவுக்குள் பணம் வந்து, அவர் வீட்டை ஜப்தி செய்யாமல் விட்டால் அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்வதில்லை. (சில கடன்காரர்கள் கெடு முடியட்டும் என்றே காத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.)

யோனா நினிவேக்குள் நுழைந்து சொன்னது எபிரேயத்தில் ஐந்தே சொற்கள்: இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும். மனம் திரும்பினால் பிழைப்பீர்கள் என்ற வார்த்தை அதில் கிடையாது. ஆனாலும் நகரமே துக்கத்துக்கு அடையாளமான முரட்டுத் துணியாகிய இரட்டு உடுத்தி உபவாசம் இருந்தது, தண்டனை வரவில்லை, யோனாவுக்குக் கோபம் வந்தது. அவர் ஜோசியர் கணக்கில் நின்றார், அனுப்பியவர் கெடுக் கணக்கில் நின்றார் என்று சொல்லலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவசிந்தாவில் இந்த நாற்பது நாள் மூன்று நாளாகிவிட்டது. எண் எவ்வளவு என்பதில் பிரதிகளே ஒத்துப்போகவில்லை, கதையோ கொஞ்சமும் ஆடவில்லை. இன்னொன்று, கவிழ்க்கப்படும் என்பதற்கான எபிரேயச் சொல்லுக்குப் புரட்டப்படும், மாறிப்போகும் என்றும் பொருள் கொள்ளலாம். அந்தப் பொருளில் யோனா சொன்னது அப்படியே நடந்தது என்பது யூத உரைகாரர்கள் ரசித்த நயம். நினிவே உண்மையில் விழுந்தது கி.மு. 612-இல், பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து அடித்தபோது. யோனா நூல் எழுதப்பட்டது அதற்குப் பிறகு என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் அதன் முதல் வாசகர்களுக்கு நினிவே இடிந்து கிடப்பது தெரிந்த செய்தி.

யோனா கதை, அப்படித்தான் இருக்கும் என்று ஒதுக்குகிறவர்களுக்கு எரேமியா நூலின் 26-ஆம் அதிகாரத்தைக் காட்டலாம். இது வழக்கு விசாரணை. யோயாக்கீனின் தந்தை யோயாக்கீம் யூதாவில் அரசேறிய சமயம், கி.மு. 609 வாக்கில். எருசலேமும் அதன் ஆலயமும் அழியும் என்று ஆலய முற்றத்திலேயே நின்று சொல்லிவிட்டார் எரேமியா. ஆசாரியர்களும் மற்ற தீர்க்கதரிசிகளும் பிடித்துக்கொண்டு, இவன் சாக வேண்டும் என்றார்கள். அப்போது ஊர்ப் பெரியவர்கள் சிலர் எழுந்து ஒரு பழைய வழக்கை நினைவுபடுத்துகிறார்கள். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன் மொரேசா ஊர் மீகா இதையேதான் சொன்னார், சீயோன் வயலைப்போல உழப்படும், எருசலேம் மண்மேடாகும் என்றார். எசேக்கியா அரசன் அவரைக் கொன்றானா? கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினான், கர்த்தரும் தாம் சொன்ன தீங்கைச் செய்யாமல் மனம் மாறினார்.

மீகாவின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தால் அங்கும் நிபந்தனை எதுவும் கிடையாது. அழியும், அவ்வளவுதான். நூறு வருஷம் நகரம் நின்றது. மீகா பொய் சொல்லிவிட்டார் என்று அந்தப் பெரியவர்களில் ஒருவரும் எண்ணவில்லை, அவரது சொல் வேலை செய்தது என்று எண்ணினார்கள். அந்த வாதம் எரேமியாவின் உயிரைக் காப்பாற்ற உதவியது. எல்லோருக்கும் உதவியது என்று சொல்ல முடியாது. அதே அதிகாரத்தில் உரியா என்று இன்னொரு தீர்க்கதரிசி இதே செய்தியைச் சொல்லி, எகிப்துக்குத் தப்பி ஓடி, அங்கிருந்து பிடித்து வரப்பட்டு வாளால் கொல்லப்பட்டார். அப்புறம் கி.மு. 587/586-இல் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை எரித்தது. மீகாவின் சொல் எப்போது நிறைவேறியது? எசேக்கியா பயந்த நாளிலா, நகரம் எரிந்த நாளிலா? எரேமியா நூலைப் படிக்கிறவருக்கு இரண்டும்தான் பதில்.

எரேமியாவின் 18-ஆம் அதிகாரத்தில் இது ஒரு விதியாகவே வருகிறது. குயவன் வீட்டில் சக்கரத்தின் மேல் ஒரு பாத்திரம் கெட்டுப்போகிறது, அதே களிமண்ணை வேறு பாத்திரமாக வனைகிறான். ஒரு தேசத்தைப் பிடுங்குவேன் என்று நான் சொல்லி, அது தன் தீமையை விட்டுத் திரும்பினால் நானும் மனம் மாறுவேன், கட்டுவேன் என்று சொல்லி அது பொல்லாப்புச் செய்தால் அந்த நன்மையையும் செய்யமாட்டேன். இந்த விதி வெளிப்படையாக எழுதப்படாத இடங்களிலும் உள்ளே ஓடுகிறது. இஸ்ரவேலின் ஆகாப் அரசன் இரட்டு உடுத்திக்கொண்டதும் தண்டனை அவன் மகன் காலத்துக்குத் தள்ளிப்போகிறது. எசேக்கியா சாகப்போகிறான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிய ஏசாயா அரண்மனையின் நடு முற்றத்தைத் தாண்டுவதற்குள், போய்ச் சொல், பதினைந்து வருஷம் கூட்டினேன் என்று உத்தரவு மாறுகிறது.

சரி, எல்லாமே கெடுதான், எண்ணுக்குப் பொருளே இல்லை என்று முடித்துவிடலாமா? முடியாது. ஏசாயா 16-இல் பக்கத்து நாடான மோவாபைப் பற்றிய நீண்ட புலம்பல் பாட்டு ஒன்று வருகிறது. அதன் வாலில், இது முன்னே சொல்லப்பட்ட வார்த்தை, இப்போது சொல்கிறேன், கூலிக்காரனுடைய வருஷங்களைப் போன்ற மூன்று வருஷத்துக்குள் மோவாபின் மகிமை சீரழியும் என்று ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது. இந்த உவமை எனக்கு மிகவும் பிடித்தது. கூலிக்காரனைப் போல நாளை எண்ணுகிறவன் யார்? ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு நாள்கூட அதிகம் உழைக்கமாட்டான். தேதியில்லாமல் கிடந்த பழைய பாட்டுக்குக் கறாரான தேதி போட்டிருக்கிறார்கள். வருஷத்தை இப்படி எண்ண வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், எல்லா வருஷங்களும் அப்படி எண்ணப்படவில்லை என்றுதானே ஆகிறது?

"சமீபம்" என்ற சொல் இன்னும் வழுக்கலானது. கர்த்தருடைய நாள் சமீபம் என்று செப்பனியா சொல்கிறார், யோவேல் சொல்கிறார், ஒபதியா சொல்கிறார், எசேக்கியேல் எகிப்தைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் நூற்றாண்டுகள் தள்ளி வாழ்ந்தவர்கள். தூரத்து மலைச் சிகரங்கள் இரண்டும் ஒட்டினாற்போலத் தெரியும், நடுவிலுள்ள பள்ளத்தாக்கு தெரியாது என்ற உவமையால் இதைச் சமாளிப்பது பிரசங்க மரபு. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. எந்தச் சொல்லையும் எந்த நூற்றாண்டுக்கும் தள்ளிவிட அது வசதி செய்து தருகிறது. சிரியாவில் குண்டு விழும்போதெல்லாம் தமஸ்கு அழியும் என்னும் ஏசாயா 17 வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்த வசதியால்தான். தமஸ்கு அரசை அசீரியர் முடித்தது கி.மு. 732-இல், ஏசாயாவின் வாழ்நாளிலேயே.

கேட்ட மக்களுக்கே இந்தத் தாமதம் அலுத்துப்போயிருந்தது. எசேக்கியேல் 12-இல் அவர்களின் பேச்சு அப்படியே பதிவாகியிருக்கிறது. நாட்கள் நீடிக்கும், தரிசனம் எல்லாம் அவமாகும் என்பது இஸ்ரவேலில் பழமொழியாகிவிட்டது. இன்னொரு கூட்டம் கொஞ்சம் மரியாதையாக, இவர் சொல்வது நடக்கும், ஆனால் தூரமான காலத்துக்கு என்றது. முதல் கூட்டத்தைவிட இந்த இரண்டாவது கூட்டம்தான் தீர்க்கதரிசிக்குப் பெரிய தொல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மறுக்கிறவனோடு வாதாடலாம், ஒத்துக்கொண்டு தள்ளிப்போடுகிறவனை என்ன செய்வது? இரு கூட்டத்துக்கும் பதில் ஒன்றுதான்: இனித் தாமதமில்லை. அது சொல்லப்பட்டு ஐந்தாறு வருஷத்தில் எருசலேம் விழுந்தது.

காலக்கணக்குச் சண்டை நேருக்கு நேர் நடந்த இடம் எரேமியா 28. கி.மு. 594 வாக்கில், யூதா ஏற்கெனவே பாபிலோனுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தபோது, எரேமியா அந்த அடிமைத்தனத்தின் அடையாளமாகக் கழுத்தில் மரநுகத்தை மாட்டிக்கொண்டு திரிந்தார். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோருக்கும் முன்னால், இரண்டே வருஷத்தில் சிறைபோனவர்களும் ஆலயப் பாத்திரங்களும் திரும்பி வரும் என்றார். எரேமியா முதலில், ஆமென், அப்படியே ஆகட்டும் என்றுதான் சொன்னார். பிறகு ஒரு அளவுகோலை வைத்தார். யுத்தமும் தீங்கும் வரும் என்றுதான் பழைய தீர்க்கதரிசிகள் சொல்லிவந்தார்கள், சமாதானம் என்று சொல்கிறவனை மட்டும் அது நடந்த பிறகு நம்பலாம். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்ற உபாகமம் 18-இன் சோதனையை எரேமியா இங்கே ஒரு பக்கமாகச் சாய்க்கிறார். தீங்கைச் சொன்னவன் சொல் நடக்காமல் போனால், கேட்டவர்கள் திருந்தியிருக்கலாம். நல்லதைச் சொன்னவனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. அனனியா நுகத்தை உடைத்தார். எரேமியா பேசாமல் போய்விட்டார். பிறகு திரும்பி வந்து, மரநுகத்துக்குப் பதில் இரும்பு நுகம், இந்த வருஷமே நீ சாவாய் என்றார். ஐந்தாம் மாதம் பேசிய அனனியா ஏழாம் மாதம் இறந்தார்.

இரண்டு வருஷத்துக்கு எதிராக எரேமியா வைத்த எண் எழுபது. வேதத்தின் காலக்கணக்குகளிலேயே அதிகம் கிண்டிக் கிளறப்பட்ட எண் அதுதான். 25-ஆம் அதிகாரம், யோயாக்கீமின் நாலாம் வருஷம், கி.மு. 605: இந்தத் தேசங்கள் எழுபது வருஷம் பாபிலோன் அரசனைச் சேவிக்கும், அப்புறம் பாபிலோனுக்குத் தண்டனை. 29-ஆம் அதிகாரத்தில் நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், எழுபது வருஷம் ஆனபின் திரும்ப வருவீர்கள். சில மொழிபெயர்ப்புகளில் "பாபிலோனிலே" எழுபது வருஷம் என்று வரும். எபிரேயம் சொல்வது "பாபிலோனுக்கு" எழுபது வருஷம், அதாவது பாபிலோனின் ஆட்சிக் காலம். சிறை இருப்பு இத்தனை வருஷம் என்று அது தனியாகச் சொல்லவில்லை.

கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். அசீரியாவின் கடைசிப் பிடி தளர்ந்த கி.மு. 609-இலிருந்து பாரசீக அரசன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்த 539 வரை சரியாக எழுபது. நேபுகாத்நேச்சார் பட்டத்துக்கு வந்த 605-இலிருந்து யூதர்கள் திரும்ப அனுமதி பெற்ற 538 வரை அறுபத்தேழு. ஆலயம் எரிந்த 587/586-இலிருந்து புதிய ஆலயம் முடிந்த 515 வரை எழுபத்தொன்று போல. எந்த முனையில் நூலைக் கட்டுகிறோமோ அதற்கேற்ப விடை வருகிறது. ஏதாவது ஒன்று பொருந்தியே தீரும், அதனால்தான் வெறும் பொருத்தத்தை நான் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

எழுபது என்பது அந்தக் காலத்துக் காதுக்கு எப்படி ஒலித்தது என்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி. எங்கள் ஆயுசு எழுபது வருஷம் என்கிறது 90-ஆம் சங்கீதம். ஏசாயா 23 தீரு எழுபது வருஷம் மறக்கப்படும் என்று சொல்லி, ஒரு ராஜாவின் நாட்களைப்போல என்று விளக்கமும் தருகிறது. எரேமியாவே 27-இல், அவனையும் அவன் மகனையும் பேரனையும் சேவிப்பார்கள் என்கிறார். ஒரு முழு ஆயுள், மூன்று தலைமுறை. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களுக்கு அதன் பொருள் பளிச்சென்று புரிந்திருக்கும்: நீங்கள் ஊர் திரும்பமாட்டீர்கள், பேரப்பிள்ளைகள் திரும்புவார்கள். தோட்டம் போடச் சொன்னது அதனால்தான்.

பாபிலோனிய உலகத்திலும் இந்த எண் புழங்கியது. கி.மு. 689-இல் அசீரிய அரசன் சனகெரிப் பாபிலோனைத் தரைமட்டமாக்கினான். அவன் மகன் எசரத்தோன் அதைத் திரும்பக் கட்டியபோது ஒரு சிக்கல்: தெய்வத்தின் கோபம் இன்னும் தீரவில்லை என்று யாராவது சொன்னால்? அவனுடைய கல்வெட்டு அதற்கு அழகான விடை வைத்திருக்கிறது. மர்துக் தெய்வம் நகரத்தின் பாழ்க்காலம் எழுபது ஆண்டு என்று விதிப் பலகையில் எழுதியிருந்தார், பிறகு இரக்கப்பட்டு அந்த எண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் பதினோரு ஆண்டாக்கினார். ஆப்பு எழுத்தில் அறுபதுக்கும் ஒன்றுக்கும் ஒரே குறிதான். அந்தக் குறியை முதலிலும் பத்தின் குறியை அடுத்தும் போட்டால் எழுபது, இடம் மாற்றினால் பதினொன்று. தெய்வ கோபத்துக்கு எழுபது ஆண்டு என்பதும், இரக்கம் வந்தால் அது குறையும் என்பதும், எரேமியாவுக்கு ஏறக்குறைய எழுபது எண்பது ஆண்டு முன்பே அந்த வட்டாரத்தில் அரசாங்கமே எழுதிவைத்த பேச்சு.

திரும்பி வந்தவர்களுக்கு எழுபது முடிந்துபோன கணக்காக இல்லை. கி.மு. 519-இல், பாபிலோன் விழுந்து இருபது வருஷம் ஆனபிறகு, சகரியாவின் தரிசனத்தில் தூதன் கேட்கிறான்: இந்த எழுபது வருஷமாய் நீர் கோபம் கொண்டிருக்கிற எருசலேமின் மேல் எத்தனை காலம் இரங்காதிருப்பீர்? அவன் எண்ணியது ஆலயம் எரிந்த நாளிலிருந்து. நாளாகமத்தை எழுதியவர் எழுபதை ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்தைத் தரிசாக விடச் சொல்லும் லேவியராகமத்தின் ஓய்வு வருஷச் சட்டத்தோடு முடிச்சுப்போட்டு, மக்கள் கொடுக்காத ஓய்வைத் தேசம் தானே எடுத்துக்கொண்ட காலம் என்றார். தானியேல் 9-இல் எழுபது இன்னும் நீள்கிறது. எரேமியாவின் சுருளைப் படித்து அழுத தானியேலுக்கு, அது எழுபது வாரம், அதாவது எழுபது முறை ஏழு ஆண்டுகள் என்று விளக்கம் வருகிறது. ஆக 490. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

யூத மரபில் இதைப் பற்றிக் குறும்பான ஒரு கதை உண்டு. ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் நூலின் மெகில்லா பகுதியில் வருகிறது. பாபிலோனை ஆண்ட பெல்ஷாத்சார் உட்கார்ந்து எழுபது வருஷத்தை எண்ணினானாம். முடிந்துவிட்டது, யூதர்கள் விடுதலையாகவில்லை, இனி ஆக மாட்டார்கள் என்று முடிவுகட்டி ஆலயப் பாத்திரங்களை வெளியே எடுத்து அவற்றில் மது குடித்தான். அவன் தொடங்கிய இடம் தப்பு. அன்றிரவே செத்தான். அடுத்துப் பாரசீக அரசன் அகாஸ்வேரு வந்து, அவன் தப்பாக எண்ணினான், நான் சரியாக எண்ணுகிறேன் என்று மறுபடி கணக்குப் போட்டு, அவனும் பாத்திரங்களை எடுத்தான். அவன் கணக்கும் தப்பு. அதே தல்மூதின் இன்னொரு பகுதியில், முடிவுகாலத்தைக் கணக்கிடுகிறவர்களின் எலும்புகள் நொறுங்கட்டும் என்று ஒரு ரபியின் சாபமும் இருக்கிறது. கணக்குப் போட்டு, நாள் தப்பிப்போனதும், இனி வரவே வராது என்று சொல்லிவிடுகிறார்களாம்.

சாபம் போட்டவர் அடுத்துக் காட்டிய வசனம் ஆபகூக் 2:3. குறித்த காலத்துக்குத் தரிசனம் வைக்கப்பட்டிருக்கிறது, அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு, அது தாமதிப்பதில்லை. ஒரே மூச்சில் தாமதிக்கும், தாமதிக்காது என்று இரண்டையும் சொல்கிற வசனம். ரபிக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே சாக்கடல் ஓரத்தில் கும்ரானில் வாழ்ந்த யூதக் குழுவினர் இதே வசனத்துக்கு உரை எழுதியிருந்தார்கள். 1947 வாக்கில் ஆடு மேய்க்கும் பெதுவீன்கள் குகையில் கண்டெடுத்த முதல் சுருள்களில் அந்த உரையும் ஒன்று. கடைசித் தலைமுறைக்கு வரப்போவதை எழுதிவைக்கும்படி கடவுள் ஆபகூக்கிடம் சொன்னார், ஆனால் காலம் எப்போது முடியும் என்பதை அவருக்கு அறிவிக்கவில்லை என்கிறார் உரைகாரர். கடைசிக்காலம் நீளும், தீர்க்கதரிசிகள் சொன்ன எல்லாவற்றையும் தாண்டி நீளும் என்றும் எழுதுகிறார். அந்தக் கடைசித் தலைமுறை தாங்கள்தான் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. கி.பி. 68-இல் ரோமப் படை வந்து கும்ரானை அழித்தது.